வெள்ளிக்கிழமை வந்த ஆட்டிறைச்சி ரோல்ஸ்

மற்றவையின்ர சாப்பாட்டுப் பையை மணந்து பாத்துச் சம்பளம் வாங்கிற உத்தியோகம் என்ரது. வீடு கனடாவில, ஸ்காபரோவின்ர டோர்செட் பார்க் எண்ட பகுதியில. கோடை முழுக்க டொரோண்டோவுக்கு வடக்கே ஒரு காட்டுப் பார்க்கில வார்டன். முதுகில மூட்டையோட நடந்து போய்க் கூடாரம் அடிக்கிற ஆக்கள், சாப்பாட்டைக் கரடி திறக்கேலாத பெட்டியில பூட்டித் தள்ளி வைக்கவேணும். வைக்காட்டி ஃபைன். எங்கட சாப்பாட்டு ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில அதைத்தான் சுடுவினம். சீருடை போட்டுக்கொண்டு சொந்தச் சனத்துக்குச் சட்டம் சொல்லுற ஆக்களுக்கு என்ர வெக்கம் விளங்கும்.

தலைமாட்டில நெத்தலி

மார்க்கம் நகரத்திலயிருந்து வந்த அண்ணை ஒருத்தர் பாண், பிஸ்கற் எல்லாத்தையும் ஒழுங்காப் பூட்டியிருந்தார். கூடாரத்துக்குள்ள தலைமாட்டில மட்டும் ஒரு போத்தல் நிறையப் பொரிச்ச நெத்தலிக் கருவாடு. என்னோட வந்த வார்டன் கிரெக் வெள்ளைக்காரன், மூக்கைச் சுருக்கினான். எனக்கு நிலம் பாத்துத்தான் கதைக்கேலும்போல இருந்தது. ஏன் அண்ணை உந்தப் போத்தலை மட்டும் வெளியில வைச்சனீங்கள் எண்டு கேட்டன்.

"உள்ள வைச்சால் பிஸ்கற் எல்லாம் மணக்குமெல்லே, தம்பி."

ஃபைனுக்குப் பிறகு

ஒரு ஸ்காபரோ அன்ரி சாப்பாட்டுப் பையைக் கைக்கெட்டுற மரக்கொப்பில தொங்கவிட்டிருந்தா. கிரெக் பாத்துக்கொண்டு நிண்டதால நான் கொஞ்சம் கூடவே கத்தினன். "உங்களால ஒரு கரடி சாகப்போகுது" எண்டும் சொல்லிப்போட்டன். ஃபைன் துண்டை வாங்கி மடிச்சு வைச்சவ, ஒரு பார்சலை நீட்டினா. ஆட்டிறைச்சி ரோல்ஸ். இண்டைக்கு வெள்ளி விரதம், நான் மச்சம் மாமிசம் சாப்பிடுறேல்லை எண்டன்.

"அப்ப நாளைக்குச் சாப்பிடும். வெறுங்கையோட அனுப்பேலாது."

என்ர வண்டி

ஒஃபிசில கரடிப் பெட்டி இருக்கு. அதுக்குள்ள வைச்சால் கிரெக் போனமுறை மாதிரி முழுக்கத் திண்டுபோடுவான் எண்டு, பார்சலை வண்டிச் சீற்றுக்குக் கீழ வைச்சன். விடிய வந்து பாத்தால் கதவு வளைஞ்சு கிடக்கு, சீற் பஞ்சு வெளியில, பேப்பரில ஒரு துணுக்கும் மிச்சமில்லை.

உடைச்சது காது கிழிஞ்ச இளங்கரடி. அதுவரைக்கும் எங்களைக் கண்டாலே ஓடுறது. அண்டு பின்னேரம் அதே வண்டியைத் தேடித் திரும்பி வந்து நாங்கள் வைச்ச கூண்டுக்குள்ள மாட்டிச்சு. தூரக் கொண்டுபோய் விடுவம், இனியும் வந்தால் சுடுறதுதான். கூண்டைப் பூட்டிப்போட்டு கிரெக் நிதானமாச் சொன்னான்:

"பயந்து ஓடின கரடியை ஒரே நாளில பழக்கிப்போட்டாய்."

தமிழ்க்கடையில

பிறகு ஸ்காபரோவில மரக்கறி வாங்கேக்க அந்த அன்ரியைக் கண்டன். ஒளிக்க இடமில்லை, நடந்ததைச் சொன்னன். திட்டுவா எண்டு பாத்தன். திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். தான் தந்ததாலதான் வந்ததெண்டு அவவின்ர கண் கலங்கிப்போச்சு.

"அந்தக் கரடி உயிரோட இருக்கே, தம்பி?"

இப்ப வெள்ளியில ஆர் என்ன தந்தாலும் அங்கயே நிண்டு திண்டுபோட்டுத்தான் வாறன். விரதம் போச்சு, வெக்கம்தான் போகுதில்லை.