எச்சில் குப்பி

என் மாமியார் எனக்கு அயலார் இல்லை. அப்பாவுடன் பிறந்த அத்தை. அதனால் என்னைத் திட்ட அவருக்கு இரண்டு வழியில் உரிமை உண்டு. இரண்டையும் மிச்சம் வைக்க மாட்டார்.

மகன் எனக்கு ஆபரேஷனில் பிறந்தான். வலிக்கு என்று கொடுத்த ஊசியும் மாத்திரையும் என் வலியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "எங்க அண்ணன் செல்லம் குடுத்து வளத்துட்டாரு. ஒடம்பு சொகுசு கண்டுடுச்சு" என்று அத்தை வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகப் பார்க்க வந்தவர்கள், தங்கள் ஆபரேஷனை எவ்வளவு அமைதியாகத் தாண்டினார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு பல் பிடுங்கிவிட்டு வந்த ராத்திரியும் அப்படியே நடந்தது. அரியலூரில் எங்கள் தெருவில் எனக்குச் சொகுசுக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

போன வருஷம் பித்தப்பையில் கல் என்றார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றார் பெரம்பலூர் டாக்டர். பொங்கல் போகட்டும், திருவிழா போகட்டும் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். கத்திக்கு நான் பயப்படவில்லை. மயக்கம் தெளிந்தபின் வரப்போகும் வலிக்குத்தான் பயந்தேன்.

"எல்லாம் டாக்டரோட கைராசிடி. தஞ்சாவூர்ல ஒருத்தரு இருக்காராம், அவருகிட்ட போவோம்" என்றார் அத்தை. தன் முட்டி ஆபரேஷனை மட்டும், இந்த வயதில் எதற்கு என்று அவர் வருஷக்கணக்காகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பிறந்தநாள் பரிசு என்று ஒரு பெட்டி அனுப்பினான். புடவை என்று ஆசையாகப் பிரித்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் குப்பி. எச்சிலைத் துப்பி அனுப்பினால், மரபணுவைப் பார்த்து நம் வம்சம் எங்கிருந்து வந்தது என்று சொல்வார்களாம்.

"உடையார்பாளையத்துலேர்ந்து வந்தோம். இதுக்கு எதுக்குடா எச்சி?" என்று அத்தை போனைப் பிடுங்கிக் கேட்டார்.

வம்சத்தைப் பற்றி வந்த முடிவில் அத்தை சொன்னதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மகன் அதிலேயே மருந்துகளைப் பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டுக் கூப்பிட்டான். சில வலி மருந்துகள் உள்ளே போனபடியே வேலை செய்யாதாம். கல்லீரல் அவற்றை மாற்றிக் கொடுக்க வேண்டுமாம். என் உடம்பில் அந்த மாற்றும் வேலை அநேகமாக நடப்பதே இல்லை என்று போட்டிருந்தது.

"நீ சும்மா கத்தலம்மா" என்றான், என்னைக் கத்த வைத்துப் பிறந்தவன். போனை வைத்துவிட்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மறுநாளே பெரம்பலூருக்கு பஸ் ஏறினோம். முட்டியைப் பிடித்துக்கொண்டு அத்தையும் வந்தார். டாக்டர் அந்தப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தார்.

"இத மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாதுங்க. முறையா ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிடுவோம். ஆனா முன்னாடி மருந்து கேக்கலன்னு சொல்றீங்க பாருங்க, அதுவும் முக்கியம்."

அடுத்த முறை நாங்கள் போனபோது லேப் முடிவும் அதையேதான் சொன்னது. "வேற மருந்து இருக்கு, பயப்படாதீங்க. இது பரம்பரையா வர்றது. ரத்த சொந்தத்துல மத்தவங்களுக்கும் இருக்கலாம், சொல்லி வைங்க" என்றார் டாக்டர். திரும்பும்போது பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டரைக்கூட அத்தை திட்டவில்லை.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தேன். வலித்தது, ஆனால் பொறுத்துக்கொள்ளும்படி இருந்தது. எல்லாருக்கும் இவ்வளவுதான் வலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் ஹார்லிக்ஸோடு வந்த பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, இந்தத் தடவ சத்தத்தையே காணோம்? சொகுசெல்லாம் போயிடுச்சா?" என்று சிரித்தாள்.

"அப்ப குடுத்த மருந்து அவ ஒடம்புல வேலையே செய்யல. தெரியாம பேசாத" என்று அத்தை வெடுக்கென்று சொன்னார். அவள் சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

ஆரஞ்சை உரித்துக்கொண்டே அத்தை மெல்லச் சொன்னார். "கர்ப்பப்பைய எடுத்தப்ப எனக்கும் எந்த மருந்தும் கேக்கலடி. போர்வையக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். எல்லாரும் தாங்குறாங்க, நமக்குத்தான் தெம்பு இல்லன்னு நெனச்சேன். முட்டிக்கு மாட்டேன்னதும் வயசுக்காக இல்ல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரே ரத்தம்தானே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் குப்பி இன்னொண்ணு கெடைக்குமா?" என்று கேட்டார்.

அடுத்த வாரமே வந்துவிட்டது. துப்புவதற்கு முன் அரைமணி நேரம் வெற்றிலை போடக்கூடாது என்றேன்.

"அரைமணி நேரமா! என்னால முடியாதுடி!" என்று தெருவுக்கே கேட்கும்படி அலறினார். தன்னால் ஒன்று முடியாது என்று அத்தை சத்தம் போட்டுச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.