கோல் விழாமலிருக்க ஏறிய பஸ்கள்

வெள்ளி, காலை 6.10. கோவில்பட்டியிலிருந்து நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். திருநெல்வேலியில் பஸ் மாறி, மொத்தம் நூற்று நாற்பது ரூபாய். நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு கல்லூரி மைதானத்தில் பெண்கள் ஹாக்கிப் போட்டி, மூன்று நாள். என் மகள் மகேசு எங்கள் ஊர்க் கல்லூரி அணியின் கோல்கீப்பர். அணியோடு முந்தின நாளே வேனில் போய்விட்டாள். நான் ஆட்டம் பார்க்கப் போனேன் என்று எழுதினால் அது பொய். பார்க்காமல் இருப்பதற்காகப் போனேன்.

விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் பைத்தியம் என்பீர்கள். விளக்கினாலும் சொல்வீர்கள், பரவாயில்லை. எட்டாம் வகுப்பில் அவள் ஆடிய முதல் மேட்சுக்குப் போய் உட்கார்ந்தேன், ஏழு கோல் விழுந்தது. அடுத்த மேட்சில் நாலு. மூன்றாவதில் தண்ணீர் பாட்டில் வாங்க வெளியே போனேன். போய்த் திரும்பும் வரை ஒன்றுகூட விழவில்லை. நான் இருந்தால் கோல் விழும் என்பது அன்றோடு எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. என் வீட்டுக்காரரும் நம்பினார், நானும் நம்பினேன். மகேசு மட்டும் நம்பவில்லை. "அம்மா, படிப்பு முடிஞ்சா வேலைக்குப் போயிருவேன், அப்புறம் ஸ்டிக்கைத் தொட மாட்டேன். இந்தத் தடவையாவது முழுசா இருந்து பாரும்மா" என்று கெஞ்சியிருந்தாள். சரி சரி என்று தலையாட்டி வைத்தேன்.

வெள்ளி, 11.00. முதல் ஆட்டம். பத்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்தேன். இரண்டு கோல். நல்லா வேணும் எனக்கு என்று எழுந்து, கல்லூரி வாசலில் நின்ற டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அது இல்லையென்றால் இந்தக் கூத்து எனக்குக் கட்டுப்படியாகாது. வடசேரியில் இறங்கி அடுத்த பஸ். அது ஆரல்வாய்மொழிக்குப் போனது, நானும் போனேன். பதினைந்து கிலோமீட்டர். அங்கே காற்று சேலையைப் பிடுங்குகிறது. காற்றாலைகளுக்குக் கீழே நின்று பன்னிரண்டு ரூபாய்க்கு டீ குடித்தேன். வீட்டுக்காரர் ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து போனில் நேரலை பார்ப்பவர். கூப்பிட்டார். "நாலுக்கு ரெண்டு, ஜெயிச்சாச்சு! எங்க நிக்க?" ஆரல்வாய்மொழி என்றேன். "ராசியான ஊரு" என்றார்.

சனி, மதியம் 2.30. அரையிறுதி. இந்தத் தடவை மைதானத்துக்குள்ளேயே போகவில்லை. குலசேகரம் பஸ் வந்தது. தக்கலை தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பால் பிடிக்க ஒரு சிரட்டை. மனசு அமைதியாக இருந்தால் அழகான வழி. எனக்கோ கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. குலசேகரத்தில் இறங்கிக் கடைத்தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மூன்று தடவை நடந்தேன். ஏத்தங்காய் சிப்ஸ் கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"யாரைத் தேடுதிய?"

"யாரையும் இல்ல. பஸ் திரும்புற வரைக்கும் நடக்கேன்."

"அப்பிடின்னா எதுக்கு இங்க வந்திய?"

பதில் சொன்னால் அடித்து விரட்டுவார் என்று கால் கிலோ சிப்ஸ் வாங்கினேன். அதற்குள் போன் வந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம், இறுதிப்போட்டிக்குப் போய்விட்டோம். கடைத்தெருவில் நின்று அழுதேன்.

அன்று சாயங்காலம் அணி தங்கியிருந்த விடுதி வாசலில் மகேசு ஓடி வந்து, "கடைசி நிமிசம் ஒண்ணு தடுத்தேன், பாத்தியாம்மா?" என்றாள். நான் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிப் பிரிக்காமலே உள்ளே போய்விட்டாள். அந்த முகத்தை நினைத்து ராத்திரி தூக்கமே வரவில்லை. நாளைக்கு அசையமாட்டேன் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டேன்.

ஞாயிறு, மாலை 4.00. இறுதி ஆட்டம், போட்டியை நடத்தும் கல்லூரியோடு. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறாவது நிமிடம் அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் பெண் புகுந்து வந்து அடித்தாள். கோல். நான் எழுந்துவிட்டேன். மகேசு முகக்கவசத்துக்குள்ளிருந்து என் பக்கம் திரும்பியது தெரிந்தது. பார்க்காதது மாதிரி நடந்தேன். என்ன ஜென்மம் நான் என்று திட்டிக்கொண்டேதான் நடந்தேன், ஆனாலும் நிற்கவில்லை.

4.15. கடியப்பட்டணம் பஸ். பக்கத்து இருக்கையில் என் வயதுப் பெண் ஒருத்தி, போனைக் காதில் அழுத்திக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. "ஒண்ணுக்கு ஒண்ணு! அப்படியே போய்க்கிட்டே இரு!" என்று கத்தினார் வீட்டுக்காரர். அதே நேரம் பக்கத்துப் பெண், "அய்யோ, அவிய திருப்பி அடிச்சாச்சா?" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"நீங்க எங்க உள்ளவிய?" என்றாள்.

"கோவில்பட்டி. கோல்கீப்பர் என் மக."

"எம்மோ! ஒம்பதாம் நம்பர் எனக்க மோளு, ஷைனி." அவள் பெயர் லில்லி, ஊர் கடியப்பட்டணம், மீன் வியாபாரம். "நான் இருந்தா அவளுக்குக் கோல் விழாது, கேட்டியளா? எனக்கும் வெப்ராளம் தாங்காது. மேச்சு தொடங்குமுன்ன நான் பஸ் ஸ்டாப்புக்கு வந்தாச்சு. வந்தேன், அவ போட்டுட்டா."

நெஞ்சு படபடக்குமே, அதற்குத்தான் இந்தப் பக்கம் வெப்ராளம் என்று பெயர். என் வியாதிக்கு இவ்வளவு பொருத்தமான பெயர் எங்கள் ஊரில் இல்லை.

மணவாளக்குறிச்சி வரை இரண்டு போனும் ஒரே செய்தியைச் சொன்னது: ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று. லில்லிதான் முதலில் சிரித்தாள். "எக்கா, நாம ரெண்டு பேரும் ஓடியாச்சு. இனி ஆரு ஜெயிப்பா? இந்த மேச்சு முடியவே செய்யாது."

எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. எங்கேயோ ஒரு பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு கிழட்டுக் கழுதைகள் கோலை நிறுத்திவைக்க முடியுமா? அங்கே வெயிலில் தடுத்துக்கொண்டிருப்பது என் பிள்ளை. நான் இல்லாதபோதும் அவள்தான் தடுத்தாள், இருந்திருந்தாலும் அவள்தான் தடுத்திருப்பாள். இது அவளுடைய கடைசி மேட்ச்.

"இறங்குவமா?" என்றேன்.

"இறங்கணும்" என்றாள் லில்லி, பையை எடுத்துக்கொண்டு.

4.55. ஆட்டோக்காரர் முந்நூற்றைம்பது கேட்டார். பேரம் பேச எனக்குப் பொறுமை இல்லை. லில்லி முந்நூறுக்கு இறக்கிவிட்டாள். "ஆஸ்பத்திரிக்கா?" என்றார் அவர். "அதுக்கும் மேல. ஒண்ணு விரசலா விடும் அண்ணே!" என்றாள் லில்லி.

5.35. ஒன்றுக்கு ஒன்றிலேயே ஆட்டம் முடிந்து ஷூட்-அவுட். ஆளுக்கு எட்டு வினாடி, பந்தோடு தனியாக வந்து கோல்கீப்பரை ஏமாற்றி அடிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். கூட்டத்தை இடித்துத் தள்ளி முன்னால் போய் நின்றோம். மூன்றாவதாக ஷைனி வந்தாள். லில்லி சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாள். அவள் கையைப் பிடித்து இறக்கினேன். ஷைனி இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் இழுத்தாள். மகேசு ஏமாறவில்லை, முழு உடம்போடு சரிந்து விழுந்து காலால் தட்டிவிட்டாள். என் பிள்ளை இப்படி விழுவாள், இப்படி எழுவாள் என்று எட்டு வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. "ஏட்டி மகேசு!" என்று அலறினேன். அப்புறம்தான் லில்லியின் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். அவள் என் கையை விடவில்லை.

ஐந்தாவது பந்து மகேசுவின் கால்களுக்கு நடுவே போனது. மூன்றுக்கு இரண்டு. தோற்றுவிட்டோம். நான் கண்ணை மூடவில்லை.

ஞாயிறு, இரவு 7.20. வடசேரியிலிருந்து திருநெல்வேலி பஸ். பயிற்சியாளரிடம் சொல்லி மகேசுவை வேனிலிருந்து என்னோடு அழைத்துக்கொண்டேன். ஆரல்வாய்மொழி வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் எங்கள் ஊர்ப் புத்தி சும்மா இருக்குமா? கோவில்பட்டியில் தோற்றவனுக்கு ஆறுதல் சொல்லமாட்டார்கள், ஏன் தோற்றாய் என்றுதான் கேட்பார்கள்.

"கடைசிப் பந்துக்கு நீ சீக்கிரம் கீழ இறங்கிட்ட" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்? நீதான் பாக்கவே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். என்னை உற்றுப் பார்த்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எவ்வளவு சீக்கிரம்?"

"பந்து வர இன்னும் ஒரு அடி இருக்கையிலேயே. அவ இன்னும் ஸ்டிக்கைத் திருப்பவே இல்ல, நீ இறங்கிட்ட."

"ஒரு அடியெல்லாம் இல்லம்மா. அரை அடி."

"ஒரு அடி. நான் கண்ணால பாத்தேன்."

திருநெல்வேலி வரும்வரை அந்த அரை அடிக்காகச் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம். முன் இருக்கைக்காரர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார். நாங்கள் நிறுத்தவில்லை.