அம்மா மிதிக்காத வெளிச்சம்

பண்ணையார் வீட்டை இடித்தபோது எல்லோரும் தேக்குக் கதவுக்கும் உத்தரத்துக்கும் அடித்துக்கொண்டார்கள். நான் கேட்டது வாசற்படிக்கு மேலே வளைவில் பதித்திருந்த கலர் கண்ணாடிகளை.

"ரேடியோ ரிப்பேர்காரனுக்கு இது எதுக்குய்யா?" என்று மேஸ்திரி சிரித்தார்.

"நீங்க கதவ எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்களோ, அதுக்குத்தான்" என்றேன். எனக்கு வாய் எப்போதும் அப்படித்தான். சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாவற்றையும் கோணிச் சாக்கில் அள்ளிக்கொண்டு ஒரத்தநாட்டுக்கு பஸ் ஏறினேன்.

உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலத்தைப் பினாமி பேரில் எழுதி, பிறகு அந்தப் பினாமிகளோடே கோர்ட்டுக்கு அலைந்து, கடைசியில் பண்ணையார் பிள்ளைகள் வீட்டையும் விற்றுவிட்டுப் போனார்கள். எங்கள் குடிசைத் தெரு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதில் என் அம்மாவும்.

நான் ஒரத்தநாட்டில் கடை போட்டு, ஓட்டு வீடு கட்டி, வா வா என்று கெஞ்சியும் அவள் வரவில்லை. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டுச் சண்டை நடந்த வருஷம், அப்பாவைப் பண்ணை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அவர் திரும்பவில்லை. எனக்கு அப்போது மூன்று வயது. ஓடிவிட்டார் என்று பண்ணை ஆட்கள் சொன்னதை அம்மா நம்பவும் இல்லை, செத்துவிட்டார் என்று அழுது முடிக்கவும் இல்லை.

"அவரு வந்து கதவத் தட்டுறப்ப நான் அங்க இருக்க வேணாமா?" என்பாள். பெற்ற பிள்ளை கூப்பிடுவதைவிட ஒரு தட்டிக் கதவு அவளுக்குப் பெரிதாகப் போயிற்றே என்று எரிச்சலாக வரும்.

ரேடியோ பார்க்கப் போன ஒரு வீட்டில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்த விளக்குக் கூடையைப் பார்த்திருந்தேன். ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்று இறங்கி, நாய் படாத பாடு பட்டேன். துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய செம்பு நாடாவைச் சுற்றி, கவிழ்த்த சோற்றுப் பானைமேல் மெழுகு வைத்து ஒட்டி, இடுக்குகளில் ஈயத்தை உருக்கி ஓடவிட்டேன். பானையை உருவியதும் கூடை நின்றது. துள்ளிக் குதித்து பல்பு ஒயரிலேயே தொங்கவிட்டேன். மறுநாள் உச்சியில் ஈயம் பிளந்து கோணிக்கொண்டது. ஈயம் ஒட்டும், கனம் தாங்காது. உச்சியில் பித்தளை மூடி வைத்து, விளிம்பைச் சுற்றிக் கனத்த செம்புக் கம்பி ஓட்டி, விளிம்புக்கும் மூடிக்கும் உள்பக்கமாகக் கம்பிகள் இழுத்துப் பற்றவைத்து, மூடியைச் சங்கிலியால் உத்தரத்துக் கொக்கியில் மாட்டினேன். பிறகு அது அசையவில்லை.

அந்த ஐப்பசி மழையில் குடிசைச் சுவர் சாய்ந்தது. "செவுரு வைக்கிற வரைக்குந்தான்" என்று சொல்லிக்கொண்டே அம்மா வந்தாள். வந்தவளை எப்படியாவது இருக்கவைத்துவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பு.

விளக்கு வைக்கிற நேரம் சுவிட்சைப் போட்டேன். சிமெண்டுத் தரையெங்கும் சிவப்பும் பச்சையுமாக விழுந்தது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா அப்படியே நின்றாள். பிறகு சுவரோடு ஒட்டி, நிறத்தில் கால் படாமல் கூடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"வெளிச்சந்தானேம்மா, மிதிச்சா ஒட்டிக்காது" என்று சிரித்தேன்.

"அதுல நிக்கக் கூடாதுப்பா."

பண்ணை வீட்டுக்குள் பெட்ரோமாக்ஸ் ஏற்றினால் வளைவுக் கண்ணாடி வழியாக இதே நிறம் வாசல் மண்ணில் விழுமாம். தப்புச் செய்தவன் என்று யாரைச் சொன்னாலும், உள்ளே இருக்கிற பண்ணையாருக்கு முகம் தெரியும்படி அதில்தான் நிறுத்துவார்களாம். நின்றவனுக்குச் சவுக்கடி நிச்சயம். அதனால் எங்கள் ஜனங்கள் அதை மிதிக்காமல் சுற்றித்தான் போவார்களாம். அப்பா போன பிறகு அம்மா என்னை அந்த வாசல் பக்கமே விட்டதில்லை, எனக்கு இதெல்லாம் தெரியாது.

"ஒங்கப்பாவ அதுலதான் நிக்க வச்சிருந்தாங்க. மொகம் பாதி செவப்பு, பாதி பச்ச. வேலியோரமா நின்னு பாத்தேன். எங்கள வெரட்டிட்டாங்க. அப்பறம் நான் பாக்கவே இல்ல."

அட பாவி, எதைப் போய்ச் சாக்கில் அள்ளி வந்திருக்கிறேன்! சுவிட்சை அணைக்க ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அணைக்காத. நிக்கிறாரு."

சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே தரையில் ஓரிடம் இருண்டிருந்தது. கண்ணாடி போதாமல் நான் தகரம் வைத்து அடைத்த இடத்தின் நிழல் அது, எனக்குத் தெரியும். தெரிந்தும் மயிர்க்கூச்செறிந்தது. இன்றுவரை அந்த இடத்தை நான் நேராகப் பார்ப்பதில்லை.

அம்மா என் மர நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்தாள். நிறத்தின்மேல் கால் வைத்து நடந்து, அந்த இருட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். முந்தானையால் துடைத்தாள்.

"எத்தன வருஷந்தான் நிப்பீங்க? இது நம்ம புள்ள வூடு. இனிமே நானும் இங்கதான். உக்காருங்க."