சூட்டுக்குள் விட்ட கார்

போன கிழமை, மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் மகள் வீட்டுக் கராஜுக்குள் நின்றேன். வேலையால் வந்தவள், பனியும் உப்புச் சேறும் ஒட்டிய காரை அப்படியே உள்ளே விட்டுக் கதவை இறக்கி, ஹீற்றரையும் போட்டாள். கொஞ்ச நேரத்தில் காரின் வயிற்றுக்குக் கீழே சொட்டத் தொடங்கியது. உருகிய உப்புத் தண்ணீரும் றப்பரும் எண்ணெயும் கலந்த மணம்.

“ஈரக் காரைச் சூட்டுக்குள்ளை விடாதை பிள்ளை. அடியைக் கழுவிப்போட்டு விடு” என்றேன்.

“இப்பத்தைக் கார் அப்பிடியில்லை அப்பா. செ கொறெக்ட்” என்று பிரெஞ்சில் ஒரு ‘பரவாயில்லை’ போட்டுவிட்டு மேலே போய்விட்டாள்.

மகள் கேட்காமலே அவளுக்குச் சொன்ன இந்தப் புத்தியை, கேட்டு வந்த ஒரு மனிதருக்கு நான் சொல்லாமல் விட்டேன். உங்களிடம் சொன்னால் என்ன, நீங்கள் என்னை எப்போதோ அளந்து வைத்திருப்பீர்கள்.

மொன்றியலுக்கு வந்த புதிதில், கார்களின் அடியில் கறள் பிடிக்காமல் எண்ணெய் அடிக்கும் ஒரு வேலைத்தலத்தில் நின்றேன். உடம்பெல்லாம் எண்ணெய். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள், அது ஒன்றுதான் வசதி. ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தோம். எங்களில் மூத்தவர் மன்னார்ச் செபமாலை அண்ணை. துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் அவருக்கு வேலை. மனைவி றீற்றாவைப் பிரிந்து ஏழு வருடம். சித்திரையில் றீற்றாக்காவும் மகளும் வருவதாக இருந்தது.

அவர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டிவரத்தான் அந்தக் கார். றீற்றாவின் அண்ணன் அலோசியஸ் தன்னுடைய பழைய நீலக் காரை மச்சானுக்கு அரை விலைக்குக் கொடுத்திருந்தார். பாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்து, முன் கண்ணாடியில் செபமாலை தொங்கவிட்டு (பெயர்ப் பொருத்தம் பாருங்கள்), அதற்குள் ஒருவரையும் ஏற்றாமல் வைத்திருந்தார் செபமாலை அண்ணை.

ஒருவரையும் என்றால் என்னையும்தான். தை மாதம், மைனஸ் இருபத்தெட்டு. பஸ் தரிப்பில் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீலக் கார் வந்து நின்றது. கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியது. என் காலைப் பார்த்தார்.

“ஈரச் சப்பாத்தோடை ஏறாதை தம்பி, கார்ப்பெற் பழுதாப்போம். பஸ் வருகுதுதானே.”

போய்விட்டார். பஸ் வர நாற்பது நிமிடம். கால் விரல் இரண்டு இன்றைக்கும் குளிரில் குத்தும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து என்னிடம் கேட்டார். நான்தானே கார் வேலை தெரிந்தவன்.

“பக்கத்துக் கட்டடத்திலை கீழ் கராஜ் ஒண்டு எடுத்திருக்கிறன். நல்ல சூடு. வேலையாலை வந்து உள்ளை விட்டுட்டுப் படங்காலை மூடி வைக்கிறன். நல்லதுதானே?”

ஊரில் அதுதான் முறை. அருமையான வாகனம் என்றால் வெயில் படாமல், மழை படாமல், படங்கு போட்டுப் போர்த்தி வைப்பார்கள். ஆனால் பனி உருக இங்கே கொட்டுவதுபோல் எங்கள் ஊர் றோட்டில் உப்புக் கொட்டுவதில்லையே. நனைந்த காரைச் சூட்டில் மூடி வைத்தால் அந்த உப்பு இரவு பகலாகத் தின்னும். இது எனக்குத் தெரியும். தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஓம் அண்ணை. சூட்டிலை நல்லாக் காயும். வடிவா மூடி வையுங்கோ” என்றேன்.

கெடுகுடி சொற் கேளாது என்பார்கள். அந்த மனிதர் கேட்டார். மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல் கேட்டார். அவர் படங்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கும்போதெல்லாம் ‘நல்லா வேணும்’ என்று எனக்குள் சிரித்தேன். கால் விரலுக்காக மட்டுமில்லை. அவருக்கு வர ஒருத்தி இருந்தாள். எனக்கு ஒருத்தியும் இல்லை. பொறாமைதான்.

விமானம் வருவதற்கு முதல் நாள், அடிக்கு எண்ணெய் அடிக்கவென்று காரை எங்கள் வேலைத்தலத்துக்கே கொண்டுவந்தார். நான்தான் மேலே தூக்கினேன். கியூபெக்கார முதலாளி ஒரு ஸ்குறூட்றைவரால் அடித்தகட்டைக் குத்தினார். தேத்தண்ணியில் ஊறின பாணுக்குள் போவதுபோல் பிடிவரைக்கும் உள்ளே போனது. பிரேக் குழாயும் உக்கிப்போய் இருந்தது. இந்தக் கார் இனி றோட்டுக்குப் போகாது என்றார். எங்கே விட்டு வைத்தாய் என்று அண்ணையைப் பிரெஞ்சில் கேட்டார். அண்ணைக்கு பொன்ஜூரும் மெர்சியும்தான் தெரியும். நான் பதில் சொன்னேன்.

முதலாளி தலையில் கை வைத்தார். “ஈரத்தோடு சூட்டிலா? போதாததுக்குப் போர்த்தியும் வைத்தானா? வெளியே குளிரில் விட்டிருந்தால் இன்னும் ஐந்து வருடம் ஓடியிருக்கும். யார் இவனுக்கு இந்தப் புத்தி சொன்னது?”

“என்னவாம்?” என்றார் அண்ணை.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

“வாங்கேக்கையே உக்கல் காராம், அண்ணை. தந்தவருக்குத் தெரிஞ்சிருக்குமாம்.”

நான் பயத்தில் சொன்ன பொய் அது. அவர் செபமாலையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். மறுநாள் ஏழு வருடப் பிரிவுக்குப் பிறகு வந்த மனைவியையும் பிள்ளையையும் பஸ்ஸில் கூட்டி வந்தார். பெட்டிகளைத் தூக்க வந்து வாசலில் நின்ற அலோசியஸ் அண்ணையைப் பார்த்து, “என்ர பெஞ்சாதி பிள்ளையைச் சாக்கொல்லப் பாத்தனீர். இனி இந்தப் படி மிதியாதையும்” என்றார். றீற்றாக்காவிடமும் சத்தியம் வாங்கினார். ஒரே நகரத்தில் இருந்துகொண்டு அண்ணனும் தங்கையும் முப்பது வருடம் கதைக்கவில்லை.

அந்த வேலைத்தலம் இப்போது பத்து மாடிக் குடியிருப்பு. முதலாளி செத்து எவ்வளவோ காலம். காரை அந்த வருடமே நசுக்கி விட்டார்கள். அன்றைக்கு என்ன சொல்லப்பட்டது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம்.

போன மாதம் அலோசியஸ் அண்ணை காலமானார். லவாலில்தான் அடக்கம். செபமாலை அண்ணை வரவில்லை. றீற்றாக்கா தனியே வந்து, கோவிலில் கடைசி வாங்கில் இருந்தார். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது என் கையைப் பிடித்தார்.

“தம்பி, அண்டைக்கு அந்தக் காரைப் பாத்தது நீங்கள்தானே. உண்மையைச் சொல்லுங்கோ. அண்ணன் தெரிஞ்சோ குடுத்தவர்?”

“கனகாலம் அக்கா. எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, மெற்றோ ரயிலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்.