கிள்ளான் ரசாயனக்காரன் பேட்டன்ட் வேலைக்குப் போன கதை

ரப்பர் விலை விழுந்ததும் எங்கள் தோட்டத்தில் முதலில் கைவைத்தது ஆய்வுக்கூடத்தில்தான். மாதக் கடைசியில் பூட்டிவிடுவோம் என்று துரை சொல்லிவிட்டார். ரசாயனம் படித்தவனுக்குக் கிள்ளானில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அந்த நேரத்தில்தான், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு யாழ்ப்பாணத்து வக்கீல் பேட்டன்ட் மனு எழுத விஞ்ஞானம் தெரிந்த ஆளைத் தேடுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒருவன் கண்டுபிடித்ததை இன்னொருவன் செய்து விற்காமலிருக்க சர்க்கார் தரும் உரிமைதான் பேட்டன்ட். என்னைப் போல வேலை போய் அந்தப் பக்கம் திரும்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடிதம் போட்டேன். தெரிந்த கலவை ஏதாவது ஒன்றுக்கு மாதிரி மனு எழுதிக்கொண்டு இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருந்தார் வக்கீல். ரப்பர் ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க நான் கண்டுபிடித்த மருந்துத் தண்ணீரைப் பற்றி எழுதினேன். நூறு பங்கு தண்ணீருக்கு இரண்டரைப் பங்கு மருந்து. அந்த இரண்டரையைப் பிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுதும் ஆனது.

காலை ஏழு நாற்பது ரயில் எட்டு இருபத்தாறுக்குப் புறப்பட்டது. நடுவில் பத்துத் தீகா ஸ்டேஷனில் காரணமே இல்லாமல் நின்றது. கோலாலம்பூரில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரிக்‌ஷா பிடித்தேன், இருபது காசு. பாதி வழியில் செங்கல் ஏற்றிய மாட்டுவண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன.

"கொஞ்சம் ஓரம் கட்டுங்கண்ணே, இன்டர்வியூவுக்குப் போறேன்" என்று முதல் வண்டிக்காரரிடம் கெஞ்சினேன்.

"அவசரமா இருந்தா எறங்கி நடங்க லா. மாட்டுக்கு இன்டர்வியூ இல்ல" என்றார்.

இறங்கி நடந்தேன். வெள்ளைக் கால்சட்டை முழங்கால்வரை செம்மண்.

வக்கீல் என் கால்சட்டையைப் பார்க்கவில்லை, மனுவைத்தான் பார்த்தார்.

"என்ன ஐசே, ரெண்டரை எண்டு எழுதியிருக்கிறீர்? மூண்டு போட்டா வேலை செய்யாதோ?"

"செய்யும் சார். ஆனா ரெண்டரைதான் சரி."

"அப்ப ஒருத்தன் மூண்டு போட்டு நாளைக்கே விப்பான். உம்மட மனுவை வச்சு அவனை என்ன செய்யிறது? ஒண்டு போட்டா?"

"செய்யும். மெதுவா."

"ஆறு?"

"செய்யும். ஆனா வீண் செலவு சார்!"

"வீண் செலவு செய்யிறவனையும் பிடிக்கோணும். ஏழு?"

"ஷீட் பிசுபிசுத்துப்போகும்."

"அப்ப ஏழை விடும். 'சுமார் ஒண்டிலயிருந்து ஆறு வரை' எண்டு எழுதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறிக்கையில் 'சுமார்' என்று எழுதினால் துரை சிவப்பு மையால் அடித்து முகத்தில் வீசுவார். அந்தச் சொல்லை மறக்க எட்டு வருஷம் வாங்கிய திட்டு கொஞ்சமா? இப்போது அதே சொல்லை எழுதவில்லை என்று இவரிடம் திட்டு! எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. மாதக் கடைசி நினைவுக்கு வந்தது. எழுதினேன். என் இரண்டரை, ஒன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ காணாமல் போனது. 

வக்கீல் வாசித்துப் பார்த்துவிட்டு, "முதலாந் திகதி வாரும்" என்றார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. கிள்ளான் ரயில் காலை சுமார் ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் புறப்படும். ரிக்‌ஷா பதினைந்து காசிலிருந்து முப்பது காசு வரை. வழியில் செங்கல் வண்டி, எருமை, ஊர்வலம் அல்லது அவை போன்ற வேறு எதுவும் குறுக்கே நிற்கலாம். கறுப்புக் கால்சட்டை நல்லது.

துரை இதைப் படித்தால் சிவப்பு மையை எடுப்பார். எடுக்கட்டும். ஆனால் உங்கள் தோட்டத்தில் ஷீட்டுக்குப் பூஞ்சணம் பிடித்தால், மனுவைப் பார்க்காதீர்கள். இரண்டரை. அதற்குக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.