டிவிடி படிக்காத டிவிடி டிரைவ்

அக்காவின் கல்யாண டிவிடி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. போன வாரம் வாங்கிய டிரைவில் இன்று போட்டால், ஓடவில்லை.

எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் டிரைவ் விற்ற பாயிடமே எல்லாவற்றையும் கொண்டுபோனேன்.

"டிஸ்க் கராப் ஆயிடுச்சும்மா. மெயின்லேண்டுக்கு அனுப்பினாலும் தேறாது."

"டிரைவையும் ஒரு வார்த்தை கேட்டுருவோம் பாய்."

செருகியதுமே தன்னால் என்னென்ன முடியும் என்று டிரைவ் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். என் லினக்ஸ் லேப்டாப்பில் ஒரு கட்டளை அடித்தேன். திரையில் பதில் வந்தது: சிடி படிக்கும், டிவிடி படிக்காது.

டிவிடி என்பது மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் மட்டும்தான்.

பாய் வேறு டிரைவ் எடுத்துத் தந்தார். அதில் போட்டதும் அக்கா மணவறையில் சிரித்தாள்.

இப்போது எனக்கும் வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளையிடம் கேட்க இப்படி ஒரு கட்டளை இருந்தால் கமெண்டில் போடுங்கள்.