புள்ளி விழாத அச்சு

எண்பதுகளின் பிற்பாதியில் நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தேன். புக்கிட் மேராவில் இருந்த எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையின் பாதியை ஒரு பழைய கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அடைத்துக்கொண்டிருந்தன. அலுவலகத்தில் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அந்தப் பிரிண்டருக்கு ஒன்பது ஊசிகள். அவை ரிப்பன்மேல் குத்திக் குத்தி எழுத்தை உருவாக்கும். ஓட ஆரம்பித்தால் தொலைக்காட்சியில் யார் என்ன பேசுகிறார்கள் என்று காதில் விழாது. சில சமயம் காகிதத்தைச் சாய்வாக இழுக்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அப்பா, நான், என் தங்கை. அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தங்கைக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. முடிவு செய்தது அவளேதான். மாப்பிள்ளை வீட்டார் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் மாவு மில் வைத்திருந்த இந்துக் குடும்பம்; நாங்கள் கத்தோலிக்கர்கள். மாப்பிள்ளை மதம் மாறவில்லை. தங்கை மாறச் சொல்லவும் இல்லை. பங்குச் சாமியார் ஆயரிடம் முறைப்படி அனுமதி வாங்கி, சர்ச்சிலேயே நடத்திவைக்க ஒப்புக்கொண்டார். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். ஐந்து மாதமாகத் தங்கையோடு பேச்சில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், "அவகிட்ட சொல்லு" என்று என்னிடம் சொல்வார். அவள் அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள்.

மாப்பிள்ளை வீட்டில் யாரும் அதுவரை பூசை பார்த்ததில்லை. எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் அவர்கள் விழிக்கக் கூடாதென்று தங்கை ஒரு சிறு தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றாள். நானே அடித்துத் தருவதாகச் சொன்னேன். ஒரு நண்பர் எழுதிய தமிழ் எழுத்து புரோகிராம் என்னிடம் பிளாப்பியில் இருந்தது. எழுத்து கரடுமுரடாக இருந்தாலும் படிக்க முடியும். பன்னிரண்டு பக்கம் ஒரு பிரதி அடித்துவிட்டால், மற்றதைப் போட்டோகாப்பி எடுத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை கல்யாணம். புதன்கிழமை மாலை முதல் பக்கத்தை அடித்தேன். வெளியே வந்த காகிதத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. 'எழுந்து நிற்கவும்' என்பது 'எழுநது நிறகவும' என்று வந்திருந்தது. திரையில் எல்லாப் புள்ளிகளும் இருந்தன.

முதலில் பிளாப்பியைச் சந்தேகித்தேன். வேறொரு பிரதியைப் போட்டேன், அதே கதை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். ரிப்பனை மாற்றினேன். விரலெல்லாம் மையானதுதான் மிச்சம். கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தியபடியே பிரிண்டரைப் போட்டேன். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டரின் உதவியில்லாமல் அது தானாக ஆங்கில எழுத்துகளை அடித்துக் காட்டும். 'டி' தலைக்கோடு இல்லாமல் வெறும் குச்சியாக நின்றது. பழுது புரோகிராமில் இல்லை; மேலே இருக்கும் முதல் ஊசி அடிக்கவில்லை. தமிழில் புள்ளி விழுவது அந்த ஊசியின் இடத்தில்தான்.

மறுநாள் மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஊசிகள் இருக்கும் பிரிண்டர் தலையை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி ஜாலான் புசாருக்குப் போனேன். மாடியில் ரிப்பேர் கடை வைத்திருந்த சீனர் ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைத்தார், பூதக்கண்ணாடியில் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ஊசி உடைந்திருந்தது. புதுத் தலை வர மூன்று வாரமாகும் என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தலையையே மறுபடி மாட்டி, பன்னிரண்டு பக்கத்தையும் புள்ளியில்லாமலே அடித்து முடித்தேன். புள்ளிகளைக் கையால் வைத்துவிடலாம் என்று தங்கை சொன்னாள். இருவரும் மேசையில் உட்கார்ந்தபோது அப்பா வந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார்.

"என்ன தமிழ் இது?"

நான் வாய் திறப்பதற்குள் தங்கை சொன்னாள்: "பிரிண்டர் கெட்டுப் போச்சுப்பா. புள்ளி விழல."

அப்பா அவளைப் பார்க்கவில்லை. தாளின் கடைசி வரிவரை படித்தார். பிறகு சட்டைப் பையில் தடவி மூக்குக் கண்ணாடியை எடுத்தார்.

"கறுப்புப் பேனா இருக்கா?"

அவள் தன் பேனாவை நீட்டினாள். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அவர் மூன்று முடித்தார். நான் தவறாக அடித்திருந்த ஒரு 'ர'வை 'ற'வாகத் திருத்தினார். நடுவில் தலை நிமிராமல் கேட்டார்.

"அந்தப் பையனோட அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. கண்ணுதான் கொஞ்சம் மங்கல்," என்றாள் தங்கை.

"அப்ப புள்ளியக் கொஞ்சம் பெருசா வைக்கணும்."

ஏற்கெனவே முடித்த பக்கங்களைத் திரும்ப எடுத்து, புள்ளிகளை அழுத்தமாக்கினார்.

முதல் பக்கத்தை நான்தான் வைத்திருந்தேன். அதில் 'மணமகளை அவர் அண்ணன் அழைத்து வருகிறார்' என்று அடித்திருந்தேன். அப்பா வர மாட்டார் என்று நினைத்து எழுதியது. அதை அவரிடம் கொடுக்காமல் நானே முடித்துவிடப் பார்த்தேன். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அந்த வரியில் அவர் பேனா கொஞ்ச நேரம் நின்றது. தங்கை தன் முன்னால் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அண்ணன்' என்பதை அடித்துவிட்டு 'தந்தை' என்று எழுதுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அதற்கு இரண்டு புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

சனிக்கிழமை தங்கையைப் பீடம்வரை நான்தான் அழைத்துப் போனேன். அப்பா கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார், ஆனால் முன்வரிசைக்கு வராமல் நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் வரியைத் தொட்டுப் படித்து, சரியான இடத்தில் எழுந்தார். அவரைப் பார்த்து மூன்று வரிசை எழுந்தது. அப்பா அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தால் தங்கையோடு பேசினார். மருமகனிடம் வானிலை, பஸ் என்று இரண்டு வார்த்தை. அவர்கள் பாசிர் ரிஸில் புது வீட்டுக்குக் குடிபோன பிறகுதான் முதல்முறையாக அவர்கள் வீட்டுப் படியேறினார். அன்று போகும்போது எம்ஆர்டி ரயிலில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்தவர், திரும்பும்போது, "மாவு மில்லு நல்லா ஓடுதாம், தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார்.